ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு ஈஸ்ட்ரோஜன் தடுப்பான்: எதைச் செய்யும், எதைச் செய்யாது

"சைக்கிள் முடிஞ்சதும் ஒரு மாசம் க்ளோமிஃபீன் போட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்ணே." ஜிம் பக்கம் இதை நிறைய கேட்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

விருத்தாசலத்துக்காரன் என்பதால் பீங்கான் சூளையை வைத்துச் சொல்கிறேன். உள்ளே எவ்வளவு சூடு என்று ஒரு தெர்மோகப்பிள் பார்க்கிறது. போதுமானால் தீ குறையும். ஆண் உடம்பில் அந்த வேலை ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும். ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி எல்.எச், எஃப்.எஸ்.எச் இரண்டையும் அனுப்பும். விரைகள் டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் உண்டாக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் மூளை "போதும்" என்று அணைத்துவிடுகிறது. விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். ஊசியை நிறுத்தியதும் வெளிச்சூடும் இல்லை, உள்ளே தீயும் இல்லை. சோர்வு, ஆசைக் குறைவு, மனச்சோர்வு. பலர் மறுபடி ஊசிக்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான்.

ஈஸ்ட்ரோஜன் இதில் எங்கே வருகிறது? டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமடேஸ் என்ற என்ஸைம் ஈஸ்ட்ராடியோலாக மாற்றுகிறது. மூளை "போதும்" என்று முடிவெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. க்ளோமிஃபீனும் டமாக்ஸிஃபெனும் அதன் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தெர்மோகப்பிளைப் போர்த்தி வைத்த மாதிரி; குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மூளை எல்.எச்-ஐக் கூட்டுகிறது. முதலாவது பெண்களுக்குக் கருமுட்டை வெளிவரக் கொடுப்பது, இரண்டாவது மார்பகப் புற்றுநோய்க்கு. லக்னோ சி.டி.ஆர்.ஐ கண்டுபிடித்து, அரசு 2016 முதல் 'சாயா' என்று கொடுக்கும் கருத்தடை மாத்திரையும் இதே குடும்பம்தான். லெட்ரோசோல் வேறு ரகம்: ஏற்பியைத் தொடாது, அரோமடேஸையே நிறுத்தும். ஈஸ்ட்ரோஜனை அளவுக்கு மீறிக் குறைத்தால் ஆணுக்கும் எலும்பு கெடும்.

இனி மீதிப் பாதி. மூளையிடம் ஒரே ஒரு தெர்மோகப்பிள் இல்லை. ஆண்ட்ரோஜனை நேரடியாக உணரும் ஏற்பியும் உண்டு. நான்ட்ரோலோன் டெகனோயேட் போன்ற எண்ணெய் ஊசி வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். அது உள்ளே இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை மட்டும் மூடி என்ன பயன்? போட்ட ஊசி எது என்றே சரியாகத் தெரியாதவர் எந்தத் தேதியில் மாத்திரை தொடங்குவார்?

பக்கவிளைவும் சும்மா இல்லை. க்ளோமிஃபீனில் பார்வை மங்கலாம். டமாக்ஸிஃபெனில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். இரண்டுமே டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாதவை, விளையாட்டு வீரர்களுக்கு வாடா தடை செய்தவை. எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று ஜிம்மில் சுற்றும் அட்டவணைகளுக்குப் பின்னால் பெரிய மருத்துவச் சோதனை எதுவும் கிடையாது. நிறுத்திய பெரும்பாலோருக்கு மாதங்களில் தானாகவே திரும்புகிறது. சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகிறது.

ஆகவே மாத்திரைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை: காலையில் டெஸ்டோஸ்டிரோன், கூடவே எல்.எச், எஃப்.எஸ்.எச். குழந்தை வேண்டுமென்றால் விந்துப் பரிசோதனையும். ஹார்மோன் டாக்டரிடம் என்னென்ன போட்டோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் போலீஸ் இல்லை. இரண்டும் குறைவு என்றால் மூளை இன்னும் விழிக்கவில்லை. தடுப்பானுக்கு அங்கே வேலை இருக்கலாம். எல்.எச் ஏறியும் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே இருந்தால் பழுது விரையில். மூளை ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருக்கிறது, இன்னும் கத்தச் சொல்லி மாத்திரை போட்டுப் பெரிதாக எதுவும் ஆகாது.