புறநகர்த் தேர்வும் இடித்துக்கட்டலும்: சிகாகோப் பெருநகர்ப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் செல்வப் புறநகர்களில் நல்ல நிலையிலுள்ள பழைய வீட்டை விலைக்கு வாங்கி, அதை முற்றிலும் இடித்துவிட்டு, அதே மனையில் பன்மடங்கு பெரிய வீட்டைக் கட்டும் வழக்கம் 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவியுள்ளது. இக்கட்டுரை அவ்வழக்கத்தை ‘இடித்துக்கட்டல்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. குடும்பங்கள் ஒரு புறநகரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் இடித்துக்கட்டலுக்கும் உள்ள தொடர்பையும், அதன் விளைவுகளையும், அதை நெறிப்படுத்தும் வழிகளின் பயனையும் குறைகளையும் சிகாகோப் பகுதிச் சான்றுகளைக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறநகர், இடித்துக்கட்டல், மனைமதிப்பு, பள்ளி மாவட்டம், சொத்து வரி, தளப்பரப்பு விகிதம்.

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழர் வாழ்வு குறித்த ஆய்வுகளில் இலக்கியமும் கோயிலும் மொழிக்கல்வியும் பெற்ற இடத்தை வீடும் மனையும் பெறவில்லை. ஆயினும், குடியேறிய நாட்டில் ஒரு குடும்பம் எடுக்கும் மிகப் பெரிய பொருளியல் முடிவு எந்த ஊரில் வீடு வாங்குவது என்பதே. பிள்ளைகளின் பள்ளி, அண்டை அயல், ஆண்டுதோறும் செலுத்தும் வரி ஆகிய அனைத்தும் அம்முடிவைச் சார்ந்தவை. அம்முடிவு அவ்வூரில் ஏற்கெனவே நிற்கும் சிறிய வீடுகளின் எதிர்காலத்தையும் பாதிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

பழுதடைந்த வீட்டை இடிப்பதும் இடித்துக்கட்டலும் ஒன்றல்ல. முன்னதில் வீடு வாழத் தகுதியற்றது. பின்னதில் வீடு வாழத் தகுந்ததாகவே இருக்கும். ஆனால் அது நிற்கும் மனை, வீட்டையும் மனையையும் சேர்த்து வாங்கும் விலைக்கு நிகரான மதிப்பை எட்டியிருக்கும். வீட்டு எண்ணிக்கை கூடாமல் தளப்பரப்பு மட்டுமே கூடுவது இவ்வழக்கத்தின் தனித்தன்மை. ஒன்றை இடித்து நான்கு குடியிருப்புகள் கட்டும் நகர மறுசீரமைப்பிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகிறது.

புறநகரைத் தேர்ந்தெடுக்கும் முறை

குடும்பங்கள் தாம் விரும்பும் பொதுச்சேவையும் வரியும் அமைந்த ஊருக்குக் குடிபெயர்வதன் வழியாகவே தம் விருப்பத்தை வெளிப்படுத்துகின்றன என்ற கருத்தைச் சார்லஸ் டீபூ 1956-இல் முன்வைத்தார். அமெரிக்கப் புறநகர்களில் இக்கருத்து பெரிதும் பள்ளியின் வழியே செயற்படுகிறது. பொதுப்பள்ளியில் சேரும் உரிமை வீட்டு முகவரியைப் பொறுத்தது. பள்ளிச் செலவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியால் ஈடுசெய்யப்படுகிறது. எனவே, பள்ளியின் தரம் வீட்டு விலைக்குள் அடங்கிவிடுகிறது. பாஸ்டன் புறநகர்களில் ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் சேர்க்கை எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளைச் சாண்ட்ரா பிளாக் ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு உயர்ந்தால் பெற்றோர் ஏறத்தாழ 2.5 விழுக்காடு கூடுதல் விலை தர முன்வருகின்றனர் என்பது 1999-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு.

சிகாகோவின் வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் வில்மெட், கெனில்வொர்த், வின்னெட்கா, கிளென்கோ ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ‘வில்லேஜ்’ என்னும் சட்டத்தகுதி கொண்ட தனி ஊராட்சி. ஒவ்வொன்றிலும் தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டம் உண்டு. ஆனால் இந்நான்கு ஊர்ப் பிள்ளைகளும் மேனிலைக் கல்விக்கு நியூ டிரையர் என்னும் ஒரே பள்ளிக்கே செல்கின்றனர். ஆகவே, இவ்வூர்களுக்கிடையே தேர்வு செய்யும் குடும்பம் மேனிலைப் பள்ளியை ஒப்பிடுவதில்லை; தொடக்கப்பள்ளி, மனையளவு, ஏரிக்கு உள்ள தொலைவு, கட்டட விதி ஆகியவற்றையே ஒப்பிடுகிறது.

மேற்கே ஹின்ஸ்டேல் நிலைமை சற்று வேறானது. தொடக்கக் கல்விக்கு ஹின்ஸ்டேலும் அண்டை ஊரான கிளாரெண்டன் ஹில்ஸும் ஒரே மாவட்டத்தில் அடங்குகின்றன. மேனிலை மாவட்டத்திலோ மத்தியப் பள்ளி, தென்பள்ளி என இரண்டு உள்ளமையால், ஊர்ப்பெயரைவிடச் சேர்க்கை எல்லையே முதன்மை பெறுகிறது. இருப்பினும் ஓர் ஒற்றுமை உண்டு. இவ்வூர்கள் அனைத்தும் 19-ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டிப் பாதையை ஒட்டி வளர்ந்தவை. சிகாகோ நகர மையத்துக்கு இன்றும் நேரடி வண்டி உள்ளவை. காலி மனை ஏறத்தாழ இல்லாதவை. நல்ல பள்ளியும் புதிய வீடும் ஒருசேர வேண்டுவோர்க்கு அங்கு எஞ்சியுள்ள வழி இடித்துக்கட்டல் மட்டுமே.

மனைக் கணக்கு

எந்த வீடு இடிபடும் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு பழைய வீடு, குடியிருக்க வாங்குவோர்க்கு 7 இலட்சம் டாலர் பெறும் எனக் கொள்வோம். அம்மனையில் கட்டக்கூடிய புதிய வீடு 18 இலட்சத்துக்கு விற்கும். கட்டுமானச் செலவு 8 இலட்சம், இடிப்புச் செலவு அரை இலட்சம், வட்டியும் கட்டுநரின் ஆதாயமும் 2 இலட்சம் எனில், மனைக்குக் கட்டுநர் தரக்கூடியது 7.5 இலட்சம். குடியிருக்க வாங்குபவரைக் கட்டுநர் விலையில் வென்றுவிடுவார், வீடு இடிபடும். இவை விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எண்களே. ஆயினும் பெரிய மனையில் நிற்கும் சிறிய, பழைய வீடே முதலில் இலக்காகும் என்பது இதனால் தெளிவாகும்.

சிகாகோ நகரையும் அதன் புறநகர்கள் சிலவற்றையும் ஆராய்ந்த ரிச்சர்ட் டை, டேனியல் மெக்மில்லன் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வலுவூட்டுகிறது. இடிப்பதற்காகவே வாங்கப்படும் வீட்டின் விலை அதன் மனையின் விலையே என்பதும், வீட்டின் பண்புகள் அவ்விலையைப் பாதிப்பதில்லை என்பதும் அவர்கள் கண்டவை. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, அத்தகைய மனையில் உரிமையாளர் பல ஆண்டுகளாகச் செய்த பராமரிப்புக்கும் சமையலறைப் புதுப்பிப்புக்கும் விற்பனையின்போது மதிப்பில்லை. மற்றொன்று, காலி மனை விற்பனையே நிகழாத ஊர்களில் மனைமதிப்பை அளந்தறிய இவ்விற்பனைகளே நேரடிச் சான்றாகின்றன.

விளைவுகள்

இடித்துக்கட்டலின் அளவை ஹின்ஸ்டேல் நன்கு காட்டுகிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2000களின் தொடக்கத்துக்குள் அவ்வூர் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இடிக்கப்பட்டதாக வரலாற்றுச் சின்னங்களின் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை குறிப்பிட்டது. அவ்வறக்கட்டளை நாட்டின் அழிநிலையிலுள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் 2006-இல் கெனில்வொர்த்தைச் சேர்த்தமைக்கும் இடித்துக்கட்டலே காரணம். ஹின்ஸ்டேலில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஹெரால்டு ஜூக்கின் இல்லமும் பணியகமும் இடிபடாமல் காக்கும்பொருட்டு 2005-இல் பெயர்த்தெடுக்கப்பட்டு ஊர்ப் பூங்காவுக்கு நகர்த்தப்பட்டன.

அண்டை வீட்டார்க்கு நேரும் விளைவுகள் நாள்தோறும் உணரப்படுபவை. உயர்ந்த சுவர் பக்கத்து வீட்டின் வெயிலை மறைக்கும். முதிர்ந்த மரங்கள் வெட்டப்படும். கூரையும் நடைதளமும் விரிவதால் மண்ணுக்குள் இறங்கவேண்டிய மழைநீர் தாழ்ந்த மனைக்கு ஓடும்.

வரி விளைவு பலரும் எண்ணுவதுபோல் நேரடியானதன்று. இல்லினாய் மாநிலத்தில் உள்ளாட்சி முதலில் தனக்கு வேண்டிய மொத்தத் தொகையை வரையறுக்கிறது. பின்னர் அது சொத்துக்களின் மதிப்பீட்டு விகிதத்தில் பகிரப்படுகிறது. புதிய பெரிய வீடு அத்தொகையில் கூடுதல் பங்கை ஏற்பதால், பிறர் சுமை குறையவும் வாய்ப்புண்டு. ஆனால் சுற்றியுள்ள மனைகளும் ‘இடித்துக்கட்டத் தக்கவை’ என மதிப்பிடப்பட்டு, ஊரின் சராசரியைவிட விரைவாக மதிப்பு உயர்ந்தால், அங்குள்ள பழைய வீட்டாரின் வரி கூடும். வீட்டை விற்காதவரை அம்மதிப்பு உயர்வு கைப்பணமாவதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் முதியோர்க்கு இது ஊரைவிட்டு வெளியேற்றும் காரணியாகலாம்.

இவற்றினும் ஆழமானது வீட்டுப் படிநிலையில் ஏற்படும் இழப்பு. வீடு பழையதாகும்போது விலை ஒப்பீட்டளவில் தணிந்து, குறைந்த வருவாயினர் கைக்கு இறங்கும் என்பது வீட்டுச்சந்தைக் கோட்பாடுகளுள் ஒன்று. இடித்துக்கட்டல் அவ்விறக்கத்தைத் தடுக்கிறது. இரண்டு படுக்கையறை வீடு மறைந்து ஐந்து படுக்கையறை வீடு எழும்போது, ஆசிரியரோ செவிலியரோ அப்பள்ளி மாவட்டத்துக்குள் நுழையத்தக்க வாயில் ஒன்று மூடப்படுகிறது. புதிய வீடு ஒரு குடும்பத்தையே ஏற்கிறது என்பதால், இவ்விழப்பை ஈடுசெய்யும் கூடுதல் இருப்பிடமும் கிடைப்பதில்லை.

நெறிப்படுத்தும் வழிகள்

உள்ளாட்சிகள் கையாளும் வழிகள் மூவகைப்படும். முதலாவது, வடிவக் கட்டுப்பாடு: தளப்பரப்பு விகிதம், உயர வரம்பு, பக்க இடைவெளி முதலியன. இது பருமனைக் குறைக்கும். ஆனால் இடிப்பை நிறுத்தாது. இரண்டாவது, காலத்தாழ்வு: இடிப்பு அனுமதிக்கு முன் சில மாதங்கள் காத்திருக்கச் செய்தல். இது பேச்சுக்கு இடமளிக்கும். உறுதியுடன் வாங்கியவரைத் தடுக்காது. மூன்றாவது, இடிப்பு வரி: ஹைலேண்ட் பார்க் நகரம் 2002-இல் ஓர் இல்லத்துக்கு 10,000 டாலர் என விதித்து, அத்தொகையை எளிய விலை வீட்டுநிதிக்கு ஒதுக்கியது. மேற்காட்டிய கணக்கில் கட்டுநரின் மிகை அரை இலட்சம் என்பதால் 10,000 டாலர் வரி இடிப்பைத் தடுக்காது. எனினும், இழப்பின் ஒரு பகுதியைப் பொதுப்பயனாக மாற்றுகிறது. மொத்த வீடுகளில் எளிய விலை வீடுகள் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவுள்ள ஊர்கள் திட்டம் வகுக்கவேண்டும் என இல்லினாய் மாநிலம் 2003-இல் சட்டம் இயற்றியதும் இவ்விடத்தில் கருதத்தக்கது.

எவருக்கான பாதுகாப்பு?

பழைமையைக் காத்தல் என்னும் முழக்கத்தையும் ஆராயாமல் ஏற்றல் இயலாது. கெனில்வொர்த்தை 1889-இல் நிறுவிய ஜோசப் சியர்ஸ் விதித்த நிபந்தனைகளில் பெரிய மனையும் உயர்ந்த கட்டுமானத் தரமும் இருந்தன. வெள்ளையர்க்கு மட்டுமே விற்பனை என்பதும் இருந்தது. அத்தகைய இனவிலக்கு உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என 1948-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் நிலை உடனே மாறவில்லை. 1965 ஜூலையில் மார்ட்டின் லூதர் கிங் வின்னெட்கா ஊர்ப்பசுமைத் திடலில் நின்று வீட்டுரிமைச் சமத்துவம் குறித்துப் பேச வேண்டியிருந்தது.

இதன் தொடர்ச்சியாகக் கலிபோர்னியாவின் ஃப்ரிமாண்ட் நகரை ஆராய்ந்த வில்லோ லங்-அமாம், ஆசியக் குடியேறிகள் கட்டிய பெரிய வீடுகளை எதிர்த்து எழுந்த வடிவ விதிகளை விளக்கியுள்ளார். பெற்றோரும் பிள்ளைகளும் கூடி வாழும் குடும்பத்துக்கு உரிய இல்லமே, பழங்குடியிருப்பாளர் கண்ணுக்கு ‘அரக்க வீடு’ ஆயிற்று. தமிழர் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் நகரம் அது. பெற்றோரை ஊரிலிருந்து வரவழைத்து உடன் வைத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பத்துக்குத் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை என்பது ஆடம்பரமன்று. ஆதலின், பெரிய வீடு அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எடையிடுவது முறையாகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இடித்துக்கட்டல் தனிமனிதரின் அழகுணர்வுக் குறையால் தோன்றுவதன்று. பள்ளி உரிமையை முகவரியோடு பிணைத்த ஏற்பாடும், ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற மண்டல விதியும் சேர்ந்து அதைத் தோற்றுவிக்கின்றன.

2. வடிவ விதிகள் அண்டை வீட்டாரின் வெயிலையும் வடிகாலையும் காக்க வல்லவை. எளிய விலை வீட்டைக் காக்க வல்லவையல்ல.

3. ஒரு மனையில் இரண்டு குடியிருப்புகளுக்கு இடமளிக்கும் கலிபோர்னியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் போன்றவை, இடிப்பு நிகழும்போதும் வாயில்கள் குறையாமல் இருக்க வழிசெய்கின்றன.

இரு புறநகர்களுக்கிடையே தேர்வு செய்யும் குடும்பம் பள்ளி மதிப்பெண்ணோடு அவ்வூரின் கட்டட விதியையும், தன் வீட்டின் விலையில் மனையின் பங்கையும் அறிந்துகொள்ளுதல் நன்று. தாம் வாங்குவது வாழும் வீட்டையா, இடிபடக் காத்திருக்கும் மனையையா என்பது அப்போதுதான் விளங்கும். அவ்வூர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீட்டுத் தேர்வைக் கள ஆய்வின்வழிப் பதிவுசெய்தல் இத்துறையில் அடுத்து செய்யத்தக்க பணியாகும்.