வன்பொருள் பட்டியலில் பிழை: களஞ்சியத்தில் கைவைக்கும் முன்

விண்டோஸ் 10 பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதை ஒட்டி, எந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானது என்பதை அலுவலகங்கள் பலவும் மையச் சேவையகத்துக்கு வந்துசேர்ந்த வன்பொருள் பட்டியலை மட்டும் வைத்தே முடிவுசெய்கின்றன. விண்டோஸ் 11க்குக் கட்டாயமான டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு மதர்போர்டிலேயே இருந்தும், பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்த ஒரே காரணத்தால், நல்ல நிலையிலுள்ள கணினிகள் கழிவுக்குப் போகின்றன. பட்டியலை மட்டும் நம்பிக் கையெழுத்திடும் அதிகாரி ஒருமுறை கணினியை இயக்கி பயாஸைப் பார்க்கச் சொல்லியிருந்தால் மாற்றுக் கணினிக்கான பணம் மிஞ்சியிருக்கும்.

கான்ஃபிகரேஷன் மேனேஜர் போன்ற நிர்வாக மென்பொருளில் தகவல் திரட்டும் ஏஜென்ட், வன்பொருளை நேரடியாக ஆராய்வதில்லை. விண்டோஸின் உள்ளேயே அமைந்த டபிள்யூஎம்ஐ என்னும் தகவல் அடுக்கிடம் கேட்கிறது, அதுவோ பயாஸும் டிரைவர்களும் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறது. இயல்பு அமைப்பில் இது 7 நாளுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதாலும், முதல் முழு அறிக்கைக்குப் பின் மாற்றங்களை மட்டும் கொண்ட டெல்டா அறிக்கையே போகும் என்பதாலும், நேற்றுச் சேர்த்த ராம் இன்று பட்டியலில் தெரியாததைப் பிழையென்று கொள்ள வேண்டியதில்லை.

பிழை எந்த அடுக்கில் என்று பிரிப்பதே முதல் வேலை. பவர்ஷெல்லில் 'கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_பயாஸ்' என்னும் கட்டளை காட்டும் சீரியல் நம்பரைக் கணினியின் அடியில் ஒட்டிய சீட்டுடன் ஒப்பிட வேண்டும். கணினியே தவறாகச் சொன்னால் சேவையகத்தில் தேடிப் பயனில்லை. மதர்போர்டு மாற்றிய சர்வீஸ் பொறியாளர் பழைய எண்ணைப் புதிய போர்டில் எழுதாமல் போய்விட்டால், 'டு பி ஃபில்டு பை ஓஇஎம்' என்ற வெற்று வாசகமே எண்ணின் இடத்தில் நிற்கும். எண் எழுதிச் சரிபார்க்கப்பட்டது என்ற வரி சர்வீஸ் ரிப்போர்ட்டில் இல்லாமல் அதில் கையெழுத்திடக் கூடாது. அந்த எண் இல்லாத போர்டுக்குப் பின்னாளில் வாரண்டி கேட்பது எளிதல்ல. கிராஃபிக்ஸ் நினைவகம் 4 ஜிபிக்கு மேல் இருந்தும் குறைவாகக் காட்டுவது வேறு வகை: அடாப்டர்ராம் என்னும் அந்தப் புலம் 32 பிட் அளவுடையது, அதற்கு மேற்பட்ட எண் அதில் அடங்காது.

கணினி சரியாகச் சொல்லிப் பட்டியல் மட்டும் தவறினால், கண்ட்ரோல் பேனலில் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, ஆக்‌ஷன்ஸ் பகுதியில் ஹார்டுவேர் இன்வென்டரி சைக்கிளை இயக்கியபின், விண்டோஸ் கோப்புறைக்குள் சிசிஎம், லாக்ஸ் என்ற வழியில் இருக்கும் இன்வென்டரிஏஜென்ட் பதிவைப் படிக்க வேண்டும். அதில் அறிக்கை முழுமையா, டெல்டாவா, ரீசிங்க்கா என்பது எழுதப்பட்டிருக்கும். அறிக்கை புறப்பட்டும் பட்டியல் மாறவில்லையெனில் சேவையகத்தின் டேட்டாஎல்டிஆர் பதிவையும், ஏற்கப்படாத கோப்புகள் ஒதுக்கப்படும் பேட்மிஃப்ஸ் கோப்புறையையும் பார்க்க வேண்டும். ஒரே கணினி ஒருநாள் 8 ஜிபியும் மறுநாள் 16 ஜிபியும் காட்டினால், ஏஜென்ட் நிறுவிய வட்டைச் சிஸ்பிரெப் செய்யாமல் நகலெடுத்து இரண்டு கணினிகளுக்கு ஒரே அடையாளம் கொடுத்திருக்கக் கூடும். நகல் கணினியில் எஸ்எம்எஸ் ஏஜென்ட் ஹோஸ்ட் சேவையை நிறுத்தி, எஸ்எம்எஸ்சிஎஃப்ஜி கோப்பையும் எஸ்எம்எஸ் சான்றிதழ்களையும் நீக்கி மீண்டும் தொடங்கினால் புதிய அடையாளம் கிடைக்கும்.

யாரோ சொன்னார்கள் என்று டபிள்யூஎம்ஐ தன் விவரங்களைச் சேமித்துவைக்கும் களஞ்சியக் கோப்புறையை அழிப்பது மிகப் பரவலான, மிக ஆபத்தான பழக்கம். களஞ்சியத்தை அழிக்க வேண்டாம். அழித்தால் பிற மென்பொருள்கள் அங்கே பதிந்துவைத்த விவரங்களும் சேர்ந்தே போகலாம், பல சேவைகள் முடங்கலாம். 'வின்எம்ஜிஎம்டி' கட்டளையை 'வெரிஃபைரெப்பாசிட்டரி' விருப்பத்துடன் இயக்கி, களஞ்சியம் முரண்பட்டது என்று விடை வந்தால் மட்டும் 'சால்வேஜ்ரெப்பாசிட்டரி' செய்ய வேண்டும். அப்போதும் அழிக்க வேண்டாம்.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், விதி 213, நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சரிபார்த்து, முடிவைப் பதிவேட்டில் எழுதி, முரண்பாட்டை உடனே விசாரிக்கச் சொல்கிறது. சேவையகப் பட்டியலின் அச்சுப்படியைக் கோப்பில் செருகுவது இந்தச் சரிபார்ப்புக்கு ஈடாகாது. சீட்டிலுள்ள எண், பவர்ஷெல் காட்டும் எண், பட்டியல் எண் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி, பார்த்தவர் பெயரும் தேதியும் இட வேண்டும்.