திட பேட்டரி எப்போது வரும்?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும்போது, எங்கள் குடியிருப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மாமா, மின்சார ஸ்கூட்டர் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். தீப்பிடிக்காத திட பேட்டரி வரப்போகிறது என்கிறார்களே, காத்திருக்கட்டுமா?"

2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பல ஊர்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த செய்தியைப் படித்தவர்களுக்கு அவள் பயம் புரியும். கை துடைத்துக்கொண்டே சொல்லி முடிக்கும் பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். டிப்ளமோ படித்துவிட்டு, ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்குமான பேட்டரிகளோடு காலம் கழித்தவன் நான். லித்தியம் பற்றிப் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

இன்றைய லித்தியம் பேட்டரியில் இரண்டு மின்வாய்களுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கிறது. லித்தியம் அயனிகள் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். அதற்குப் பதிலாகத் தீப்பற்றாத பீங்கான் தகடு ஒன்றை வைப்பதே திட பேட்டரி. கல் போன்ற பொருளுக்குள் அயனி ஓடுமா என்றால், ஓடும். 2007இல் முருகன், தங்கதுரை, வெப்னர் என்ற மூன்று விஞ்ஞானிகள் லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த கார்னெட் வகைப் பீங்கானில் அதைக் காட்டினார்கள். முதல் இரண்டு பெயர்களைப் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை!

பிறகு ஏன் தாமதம்? பொடியை அழுத்தி, 1200 டிகிரிக்கும் மேலான சூட்டில் சுட்டுத்தான் இந்தத் தகட்டைச் செய்கிறார்கள். அது ஒரே படிகமாக அமைவதில்லை. ரவா உருண்டை போல, நுண்ணிய படிக மணிகள் பல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் அணுக்களின் வரிசை வேறு வேறு திசையில் இருக்கும். மணியும் மணியும் சந்திக்கும் எல்லையில் அயனி தடுமாறுகிறது.

முன்பு நாம் ஊருக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். அகலப் பாதையில் சென்னை சென்ட்ரல் வரை வேகமாக வந்துவிடுவோம். பெட்டி படுக்கையோடு எழும்பூர் போய், மீட்டர் கேஜ் வண்டி பிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். அயனிக்கு ஒவ்வொரு எல்லையும் ஓர் எழும்பூர்.

1993இல் ஜப்பானில் இனகுமா குழுவினர் லாந்தனம், லித்தியம், டைட்டானியம் கலந்த பீங்கானை அளந்தார்கள். மணிக்குள் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.001 சீமன்ஸ். முழுத் துண்டுக்கோ 0.00002 தான், ஐம்பதில் ஒரு பங்கு! அந்த எல்லைகளில் லித்தியம் தங்க இடமே இல்லாதபடி அணுக்கள் மாறி அமைந்திருப்பதை 2014இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள்.

கார்னெட்டில் இந்தத் தடை குறைவு. ஆனால் வேறோர் ஆபத்து உண்டு. வேகமாக சார்ஜ் செய்தால், செங்கல்லை விட்டுவிட்டு இடுக்கில் வேர் விடும் அரசங்கன்று போல, லித்தியம் உலோகம் எல்லை வழியே வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டுவிடும். அப்புறம் ஷார்ட் சர்க்யூட்தான்.

அடுத்தது மாசு. எங்கள் ஷெட்டில் ஒருமுறை வாலை நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். சில மாதங்களில் அந்த பேட்டரிகள் எல்லாம் படுத்துவிட்டன. அன்று முதல் மாசு என்றாலே எனக்குப் பகைதான். ஆனால் கார்னெட்டின் கதை வேறு. சுடும்போது அலுமினா மூசையிலிருந்து சிறிது அலுமினியம் தானாகவே உள்ளே கலந்திருந்தது. அதுதான் அயனி நன்றாக ஓடும் கனசதுர அமைப்பைக் கலையாமல் பிடித்து வைத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அது இல்லாத தூய பொருளில் கடத்துதிறன் சுமார் நூறில் ஒரு பங்கு! இப்போது அலுமினியம், டான்டலம் ஆகியவற்றை அளந்தே சேர்க்கிறார்கள்.

எல்லா மாசும் நல்லது என்று எண்ண வேண்டாம். ஈரக் காற்று பட்டால் இதே தகட்டின் மேல் லித்தியம் கார்பனேட் படிந்து அயனியை மறிக்கும். தேய்த்தோ சூடாக்கியோ அதை நீக்கி, காற்றுப் படாமல் காக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு வில்லைக்கு இதைச் செய்யலாம். லட்சக்கணக்கில், மெல்லிய தகடுகளாக, மலிவாகச் செய்வதுதான் கஷ்டம்.

ஆகவே அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "காத்திருக்காதே, அம்மா. 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்பு விதிக்கு உட்பட்ட வண்டியாகப் பார்த்து வாங்கு. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்து. ஓட்டி வந்த சூடு ஆறிய பிறகு சார்ஜ் போடு. வாசலை அடைத்து வைத்தோ, எல்லாரும் தூங்கும் நேரத்திலோ சார்ஜ் போடாதே."

வண்டி வாங்கிவிட்டாள். முதல் சவாரிக்கு என்னைப் பின்னால் உட்காரச் சொல்கிறாள். எனக்கொரு ஹெல்மெட் வாங்கியதும் ஏறிவிடுவேன்!