டைல்ஸுக்கு அடியில் ஓடும் தண்ணீர்

கடம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் மாடியில் ஓர் அறை கட்டி, அதன் முன்னே டைல்ஸ் பதித்த திறந்தவெளி விடுவது வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார வசதி. நேர்கீழே ஹால். ஐப்பசி அடைமழை இரண்டு நாள் பிடித்துக்கொண்டால், ஹாலில் மின்விசிறிக் கொக்கி சொட்டத் தொடங்கும். மழை விட்டதும் சீலிங்கைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த மழைக்கு அதே இடம் கொப்புளிக்கும்.

சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். டைல்ஸ் இடுக்கில் அடைத்த சிமென்ட்டில் மயிரிழை வெடிப்பு விழ இது போதும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை இன்னும் மோசம். நூறு சதுர அடியில் 10 செ.மீ. மழை என்றால் ஏறக்குறைய 930 லிட்டர். அதில் ஒரு பங்கு டைல்ஸுக்கு அடியிலுள்ள கலவையில் ஊறி, பக்கவாட்டில் நகர்ந்து, தளத்துக்குள் புதைத்த ஒயரிங் குழாயைப் பிடித்துக் கொக்கிக்கு வந்துவிடுகிறது. வழியில் கம்பி துருப்பிடித்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் உப்பிக் காரையைப் பெயர்க்கும். அப்போது பெயின்ட்டுக்காரர் போதாது, பொறியாளர் வேண்டும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் இந்தச் சிக்கலை வேறு மாதிரி அணுகியது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, கெட்டிப்படும்வரை நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். கடைசியில்தான் தட்டோடு. அந்தத் தளம் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் காயும். நுண்ணிய வெடிப்பைச் சுண்ணாம்பே மெல்ல அடைத்துக்கொள்ளும். பளபளக்கும் டைல்ஸுக்கு அந்தக் குணம் கிடையாது. உள்ளே போன நீரை வெளியே விடவும் மாட்டேன் என்கிறது.

இடுக்குகளைக் கீறி பாலிமர் கலந்த கிரவுட் நிரப்பினால் ஓரிரு மழைக்காலம் தாங்கலாம். ஒழுகும் டைல்ஸ் மேலேயே இன்னொரு டைல்ஸ் பதிப்பதை நான் ஒப்பமாட்டேன், 5 செ.மீ. கலவை மட்டுமே சதுர மீட்டருக்கு 100 கிலோ ஏறும், ஈரமும் நடுவில் சிக்கிக்கொள்ளும். முறையான வேலை என்றால் பழையதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல வாட்டம் தண்ணீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டும். மூலைகளை உருட்டிப் பூசி, சிமென்ட்-பாலிமர் பூச்சை வலையோடு இரண்டு கோட் அடித்து, சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்ற வேண்டும். வாசற்படியின் அடியை மறந்துவிடும் கொத்தனார்கள் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, டைல்ஸ் பதிக்கும் முன், குழாய் வாயை அடைத்து, வாசற்படியில் களிமண் வரப்பு கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்குங்கள். சுவரில் பென்சில் கோடு போடுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே சில மில்லிமீட்டர் வற்றும் என்பதால், அருகில் அகலமான பேசின் ஒன்றில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். பேசினைவிடத் தளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடுங்கள். மீதிக் கூலியை அதுவரை கையில் வைத்திருப்பது நல்லது.