பழைய பாணியில் கிறிஸ்துமஸ் மரம்

டிசம்பர் மாதம் பிறந்தால் பட்டணத்துக் கடைகளில் ஆளுயர மரங்களை நிறுத்தி ஜோடித்துவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து சாமான் வாங்கப் போகும் நம் பிள்ளைகள் அதைவிட்டு நகர்வதில்லை. விலையைக் கேட்டால் நமக்குத்தான் மலைப்பு. ஆனால், இந்த வழக்கம் தோன்றிய காலத்தில் மரத்தில் எவற்றைத் தொங்கவிட்டார்கள் என்று அறிந்தால், அந்த மலைப்புக்கு இடமில்லை.

இது ஜெர்மானிய மக்களின் வழக்கம். அவர்களுக்கு டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்றைய சமய நாடகங்களில், குளிரிலும் பச்சை மாறாத மரமொன்றை ஏதேன் தோட்டத்து மரமாக நிறுத்தி ஆப்பிள் பழங்களைக் கட்டினார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தார் வீட்டுக்குள் மரம் வைத்து, வண்ணக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், சர்க்கரைப் பண்டம் ஆகியவற்றைத் தொங்கவிட்டதாக 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. கண்ணாடி உருண்டைகள் 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. லவுஷா என்ற ஜெர்மானிய மலைக் கிராமத்தில் குடும்பம் முழுவதும், சிறு பிள்ளைகள் உட்பட, வீட்டிலேயே உட்கார்ந்து அவற்றைச் செய்தது. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் இருந்த உழைப்பு நமக்குப் புரியாததல்ல.

ஆகவே, வாளியில் கல்லும் மணலும் இட்டு ஒரு சவுக்குக் கிளையை ஆடாமல் நட்டாலே போதும். சிவப்பு, பச்சை, பொன்னிறம் என்று இரண்டு மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொள்வது பழைய பாணி. காகித ரோஜாக்களைப் பிள்ளைகளே செய்யட்டும். கனமானவற்றை உள்ளே, தண்டை ஒட்டியும், சிறியவற்றை நுனியிலும் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் நுனியிலேயே தொங்கவிட்டால் கிளை தாழ்ந்து மரம் வெறுமையாகத் தெரியும். உச்சியில் பெத்லகேம் நட்சத்திரம்.

பழைய பாணியில் ஒன்றை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும்: மெழுகுவத்தி. அந்நாளில் அதை ஏற்றும்போது பக்கத்தில் தண்ணீர் வாளியோடு ஆள் நிற்பதுண்டு. அப்படியும் வீடுகள் எரிந்தன. வெட்டிய கிளை நாலைந்து நாளில் காய்ந்துவிடும். ஒரு பொறி போதும். பலகை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்காது. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882-இல் நியூயார்க்கில் 80 மின்குமிழ்களை மரத்தில் எரியவிட்டார். நாமும் மின்விளக்குச் சரத்தையே பயன்படுத்துவோம். மற்ற அலங்காரங்களுக்கு முன்பே அதைத் தண்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிவிட வேண்டும். கம்பியின் உறை கிழிந்த சரத்தைத் தொடவே வேண்டாம். படுக்கப் போகுமுன் சுவிட்சை அணைப்பது வீட்டில் ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும்.

பண்டிகை முடிந்து மரத்தை எடுக்கும் நாளில் ஜெர்மானியப் பிள்ளைகளுக்கு இன்னொரு கொண்டாட்டம் உண்டு. மரத்தில் மிஞ்சியிருக்கும் தின்பண்டங்களைப் பறித்துத் தின்பது அவர்கள் உரிமை. நம் வீட்டு மரத்தில் முறுக்கைக் கட்டினாலும் அப்படித்தான். ஆனால் எறும்பு முந்திக்கொள்ளும், அன்றன்றே கட்டுங்கள்.