பொம்மைப் படமும் ஐந்து வயதும்

அனிமேஷன் படத்துக்குத் தமிழில் வழங்கும் 'பொம்மைப்படம்' என்ற பெயர், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. பொம்மை குழந்தைக்குரியது, ஆகவே பொம்மைப்படமும் குழந்தைக்குரியது என்னும் அனுமானம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், நடிகர்கள் தோன்றும் சண்டைப் படத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லத் தயங்கும் பெற்றோர்கூட, அதே அளவு வெடியும் துப்பாக்கியும் நிறைந்த அனிமேஷன் படத்துக்கு யோசனையின்றி அழைத்துச் செல்கின்றனர். அனிமேஷன் என்பது படம் எடுக்கும் ஒரு முறையே தவிர, யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் அடையாளமாகாது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, பிக்ஸார் நிறுவனத்துக்காக பிராட் பேர்ட் எழுதி இயக்கி 2004 நவம்பரில் வெளிவந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' மிகப் பொருத்தமான சான்று.

அசாதாரண வலிமை கொண்ட பாப் பார், உடலை ரப்பர்போல நீட்டக்கூடிய மனைவி ஹெலன், மறையும் ஆற்றலுள்ள மகள் வயலட், மின்னல் வேகத்தில் ஓடும் மகன் டாஷ், கைக்குழந்தை ஜாக்-ஜாக் ஆகியோரைக் கொண்ட சூப்பர் ஹீரோ குடும்பம், அரசின் தடையால் தன் ஆற்றலை மறைத்து வாழ்வதும், சிண்ட்ரோம் என்னும் வில்லனின் சூழ்ச்சியால் மீண்டும் வெளிப்படுவதுமே கதை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற இப்படம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடுகிறது. பிக்ஸார் அதற்கு முன் எடுத்திருந்த ஐந்து முழுநீளப் படங்களும் அமெரிக்காவில் 'ஜி', அதாவது எல்லா வயதினரும் பார்க்கத்தக்கது என்ற சான்றைப் பெற்றிருக்க, இந்த ஆறாவது படமோ சண்டைக் காட்சிகளைக் காரணம் காட்டி, பெற்றோர் வழிகாட்டுதல் தேவை எனப் பொருள்படும் 'பி.ஜி.' சான்றைப் பெற்றது. பிரிட்டனின் வகைப்பாட்டு வாரியம் இதே படத்துக்கு, நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்குப் பொதுவாக ஏற்றது என்று அது விளக்கும் 'யு' சான்றை வழங்கியது. பார்த்தது ஒரே படம்தான். கடலின் இரு கரைகளில் இரு விடைகள் கிடைத்தன.

இந்த முரண் வாரியங்களின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. சான்றிதழ் எதை அளக்கிறது என்பதோடு தொடர்புடையது. முந்தைய ஆண்டு வெளிவந்து 'ஜி' பெற்ற 'ஃபைண்டிங் நீமோ', தாய் மீனும் ஒன்றைத் தவிர அத்தனை முட்டைகளும் அழிந்துபோவதோடு தொடங்குகிறது. குடும்பத்தில் ஒருவரும் சாகாத 'தி இன்கிரெடிபிள்ஸ்' எச்சரிக்கைக்கு உள்ளாக, தாயின் மரணத்தோடு தொடங்கும் படம் எச்சரிக்கையின்றித் தப்பியதற்குக் காரணம், பின்னதில் மரணம் திரையில் காட்டப்படாமல் உணர்த்தப்படுவதும், முன்னதில் அடிதடி நீண்ட நேரம் கண்முன் நடப்பதும்தான். எத்தனை குத்து, எவ்வளவு குருதி, என்ன வசைச்சொல் என்பவற்றைச் சான்றிதழால் ஓரளவு கணக்கிட முடியும்; இழப்பின் கனத்தை எடைபோடும் தராசு அதனிடம் இல்லை. 'ஜி' சான்றே வன்முறையின்மைக்கு உறுதியாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1937 முதல் 1999 வரை வெளிவந்து அச்சான்றைப் பெற்ற 74 அனிமேஷன் படங்களை ஃபுமியே யோகோட்டா, கிம்பர்லி தாம்ப்சன் என்னும் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் ஒன்றுகூட வன்முறைச் செயல் இல்லாததாக இருக்கவில்லை என்று காட்டியது.

இந்தியாவில் 1983 முதல் நிலவிய 'யு/ஏ' என்ற ஒற்றைப் பிரிவு, 12 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்பதோடு நின்றுவிட்டது; 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின் அது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இவ்வெண்கள் அரங்கின் வாயிலில் எவரையும் தடுப்பதில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு பெற்றோரிடமே விடப்படுகிறது. அவர்களிடம் இருப்பதோ ஓர் எண் மட்டும்.

குழந்தை எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோவான் கேன்டர் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். 1970களின் இறுதியில் ஒளிபரப்பான 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' தொடர் முன்பள்ளி வயதுக் குழந்தைகளைக் கடுமையாக அச்சுறுத்தியதாகப் பெற்றோர் தெரிவித்தது அவரையும் அவருடைய சக ஆய்வாளரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஏனெனில் ஹல்க் நல்லவன், ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பவன். ஆராய்ந்தபோது, குழந்தைகளை நடுங்க வைத்தது சண்டையோ விபத்தோ அன்று, சாதாரண மனிதர் ஒருவர் பச்சை நிற அரக்கனாக உருமாறும் அந்தச் சில நொடிகளே என்பது தெரியவந்தது. ஏறத்தாழ ஏழு வயதுக்கு முன் குழந்தையின் அறிவு தோற்றத்தையே பற்றிக்கொள்கிறது; விகாரமாகத் தெரிவது தீயது, உருமாறியவர் வேறொருவர் என்றே அது கொள்கிறது. அதற்குப் பின்னரே, கண்ணுக்குத் தெரியாத காரணத்தையும் விளைவையும் பின்தொடரும் திறன் வலுப்பெற்று, 'இப்படி உண்மையில் நடக்குமா' என்ற கேள்வி அச்சத்தின் மையமாகிறது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தைப் பார்த்தால், அதன் ஆபத்தான இடங்கள் பெரியவர்கள் எதிர்பார்க்கும் இடங்களில் இல்லை. இறுதிப் பகுதியில் சிண்ட்ரோம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வானில் பறக்கையில், அக்குழந்தை தீப்பிழம்பாகவும், கனத்த உலோகமாகவும், சிவந்த குட்டிப் பிசாசாகவும் மாறி அவனைப் பிறாண்டுகிறது. அரங்கிலுள்ள பெரியவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் கட்டம் அது. நான்கு வயதுக் குழந்தைக்கோ, தன்னைப் போன்ற, தன்னினும் சிறிய ஒரு பாப்பா கண்ணெதிரே பேயாக மாறும் காட்சி. ஹல்க் தொடரில் கேன்டர் கண்டறிந்த அச்சத்தின் வாய்ப்பு இங்கே முழுமையாக உள்ளது, போதாக்குறைக்குச் சுற்றியிருப்பவர்களின் சிரிப்பும் சேர்ந்து அதைக் குழப்புகிறது.

இதற்கு நேர்மாறாக, படத்தின் மிக இருண்ட தருணங்கள் சிறு குழந்தையைத் தொடாமலே கடந்து செல்கின்றன. தொடக்கத்தில் உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒருவர் குதிப்பதையும், பாப் அவரை நடுவானில் பிடித்துக்கொள்வதையும் ஐந்து வயதுப் பிள்ளை ஒரு சாகசமாகவே காணும். அது தற்கொலை முயற்சி என்பதும், காப்பாற்றப்பட்டவர் தன்னைக் காப்பாற்றியதற்காகவே வழக்குத் தொடுக்கிறார் என்பதும் அதன் அறிவுக்கு எட்டுவதில்லை. தீவில் வில்லனின் கணினியைத் திறக்கும் பாப், பழைய சூப்பர் ஹீரோக்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்க்கிறார். ஒவ்வொரு படத்தின் மீதும் அவர் ஒழிக்கப்பட்டார் என்ற செய்தி விழுகிறது. படிக்கத் தெரியாத குழந்தைக்கு அது திரையில் நகரும் முகங்களின் வரிசை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது திட்டமிட்டுச் செய்யப்பட்ட தொடர் கொலைகளின் பதிவேடு. குருதித் துளி ஒன்றுகூட இல்லாத இந்தக் காட்சியே படத்தின் மிகக் கொடிய காட்சி எனலாம்.

இரு வயதினரையும் ஒருசேரத் தாக்கும் பகுதி ஒன்று உண்டு. கணவனைத் தேடி ஹெலன் ஓட்டிச் செல்லும் விமானத்தில் பிள்ளைகள் இருவரும் ஒளிந்திருக்க, அதன்மீது ஏவுகணைகள் பாய்கின்றன. விமானத்தில் குழந்தைகள் இருப்பதாகத் தாய் வானொலியில் கதறியும் தாக்குதல் நிற்பதில்லை. விமானம் வெடித்துச் சிதற, தன் உடலையே உறையாக்கிப் பிள்ளைகளைப் போர்த்திக் காக்கும் ஹெலன், பின்னர் ஒரு குகையில் அவர்களை விட்டுவிட்டுத் தந்தையைத் தேடிப் புறப்படுகிறாள். புறப்படும் முன், இவர்கள் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் வரும் வில்லன்களைப் போன்றவர்கள் அல்லர், குழந்தைகள் என்பதற்காகக் கொல்லத் தயங்கமாட்டார்கள் என்று நேரடியாகவே எச்சரிக்கிறாள். பொம்மைப்படம் ஒன்று தான் பொம்மைப்படம் அல்ல என்று தானே அறிவித்துக்கொள்ளும் இடம் அது. இதைவிடத் தெளிவான வயதுச் சான்றிதழை எந்த வாரியமும் எழுதியதில்லை. தாயைப் பிரிதல் என்பது முன்பள்ளி வயதின் தலையாய அச்சம் என்பதால், இந்தப் பத்து நிமிடங்களே, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படத்தை ஒத்திப்போடப் போதுமான காரணமாகும்.

அச்சத்திலிருந்து வேறுபட்ட இன்னொரு கேள்வி, பார்த்துச் செய்தல் பற்றியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1963-இல் வெளியிட்ட ஆய்வில், காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் நேரில் அடிப்பதையும், படச்சுருளில் அடிப்பதையும், பூனை வேடமிட்டவர் கார்ட்டூன் பாணியில் அடிப்பதையும் வெவ்வேறு குழந்தைகள் பார்த்தனர். கார்ட்டூன் வடிவம் அவர்களை அந்த வன்செயலைப் பின்பற்றாமல் தடுக்கவில்லை. அடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொம்மையை அடிப்பதை வன்முறையாகக் கொள்ளலாமா என்ற மறுப்பு இவ்வாய்வின்மீது எழுந்ததும், அது நியாயமானதே என்பதும் உண்மை. ஆனால் 1965-இல் அவர் செய்த தொடராய்வு சூப்பர் ஹீரோ படங்களுக்கு நெருக்கமானது: அடித்தவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட குழந்தைகள் தாமாக அதைச் செய்வது குறைந்தது, செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றவுடன் அவர்களும் மற்றவர்களுக்கு ஈடாகச் செய்துகாட்டினர். தண்டனை செயலை அடக்கியதே தவிர, கற்றலை அழிக்கவில்லை. வில்லன் கடைசியில் ஒழிகிறான், ஆகவே கெடுதல் இல்லை என்று பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இங்கே வலுவிழக்கிறது.

அதிலும் இப்படத்தில் நல்லவர்களும் அடிக்கின்றனர், அவர்களுக்குப் பரிசாகக் கைதட்டலும் கிடைக்கிறது. காட்டில் டாஷைத் துரத்தும் காவலர்கள் பாறையில் மோதி வெடிக்கின்றனர். படம் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னாள் ஹீரோக்கள் தம் மேலங்கியாலேயே மாண்ட கதைகளை ஆடை வடிவமைப்பாளர் எட்னா வரிசையாகச் சொல்லும்போது மரணம் நகைச்சுவையாகிறது. மேலங்கி விமானத்தின் எந்திரத்தில் சிக்கிச் சிண்ட்ரோம் அழியும்போது அதே நகைச்சுவை நீதியாகிறது. திரைக்கதைக் கலை என்ற நோக்கில் இது மிகத் தேர்ந்த வேலை. வலியைக் காட்டாத வன்முறை சான்றிதழில் மென்மையானதாகக் கருதப்பட்டாலும், அடித்தால் வலிக்கும் என்பதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் வயதுக்கு அதுவே தவறான பாடம் என்பதை மட்டும் மறுக்க இயலாது.

உடல் சார்ந்த ஒரு கூறும் கவனத்துக்குரியது. 2018-இல் வந்த இரண்டாம் பாகத்தில், வில்லன் திரைகளின் வழியே மனத்தை வசப்படுத்தும் காட்சிகளில் ஒளி கடுமையாக மின்னி மறைகிறது. அத்தகைய ஒளியால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கான எச்சரிக்கை அமெரிக்கத் திரையரங்குகளில் ஒட்டப்பட்டது. 1997-இல் ஜப்பானில் 'போக்கிமான்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் மின்னிய ஒளியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது இத்துறையினர் மறவாத நிகழ்வு.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கையில், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 'தி இன்கிரெடிபிள்ஸ்' தயங்காமல் காட்டத்தக்க படம், அதுவும் குடும்பத்தோடு பார்க்கச் சிறந்த படங்களுள் ஒன்று. ஆறு, ஏழு வயதில் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது கட்டாயம். அதற்கும் கீழே, கதை புரியாமல் ஓசையும் உருமாற்றமும் மட்டுமே எஞ்சும். அருகில் இருப்பவர் செய்ய வேண்டியதும் வயதுக்கேற்ப மாறுகிறது. 'இது வெறும் படம்தானே' என்ற விளக்கம் முன்பள்ளி வயதில் பெரும்பாலும் பலனளிப்பதில்லை. மடியில் அமர்த்திக்கொள்வது, குடிக்க ஏதாவது கொடுப்பது, வெளியே அழைத்துச் சென்றுவிடுவது ஆகியவையே அங்கு உதவும் என்கின்றன கேன்டரின் ஆய்வுகள். பத்து வயதுப் பிள்ளைக்கு மடி தேவைப்படாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், அந்தக் கணினியில் வந்து போன முகங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று அது கேட்கும்.