மார்க் போடாத படம்

“படம் வரைஞ்சா ஆபீஸ் அலுப்பு போயிடுமாக்கா?” என்று கேட்டாள், வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண். ‘ஆர்ட் தெரபி’க்கு வரச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னேன்.

அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். பர்ன்-அவுட் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற நினைப்பு. இதை நோய் என்று அது சொல்லவில்லை. கவனிக்காமல் விட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது.

ஆர்ட் தெரபி என்று 1942-இல் பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோயோடு சானடோரியத்தில் கிடந்தபோது வரைந்து வரைந்தே தேறியவர். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார்.

“நான் யானை வரைஞ்சா எருமையா வரும்க்கா.”

வரட்டும். அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டக் காகிதம் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது இறங்கியிருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்று பெரிய வித்தியாசம் இல்லை. 2016-இல் வந்த ஆய்வு இது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வரையாத குழு ஒன்றும் இல்லை. அதனால் மருந்து மாதிரி நம்பிவிடாதே.

“தினம் கோலம் போடறேனே, அது கணக்கில்லையா?”

நல்ல கேள்வி. கோலம் கலைதான். ஆனால் ஆறு மணிக்குள் போட்டாக வேண்டும், இழை பிசகினால் தெருவே பார்க்கும் என்றால் அது இன்னொரு வேலை. சிகிச்சையாளர் எதிரில் வரையும் படத்துக்கு மார்க் கிடையாது. பயிற்சி பெற்றவர் ‘அழகா இருக்கு’ என்றுகூடச் சொல்லமாட்டார். ‘இந்தக் கறுப்பைப் பத்திச் சொல்லுங்க’ என்பார். மேலாளரிடமும் வீட்டிலும் சொல்ல முடியாதது அந்தக் கறுப்பிலிருந்து மெல்ல வெளியே வரும். வெறும் டிராயிங் வகுப்பில் இது நடக்காது.

ஆனால் வண்ணப் பென்சில் உன் டார்கெட்டைக் குறைக்காது. நம் நாட்டின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு நாளுக்கு 289 நிமிடம் அதில் போகிறது; ஆணுக்கு 88. அந்தச் சுமையையும் பென்சில் குறைக்காது.

“போய்ப் பார். வேலை நேரத்துக்குள்ளதானே வெச்சிருக்காங்க?”

போனை எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் சனிக்கிழமை, மாலை நாலு மணி. வங்கிக்கு அன்று விடுமுறை.